விடையை முதலில் எழுதுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு சிறு பரீட்சை நடக்கும். காபியும் முறுக்கும் மேசைக்கு வந்ததும், நாளிதழின் வார இணைப்பில் வரும் பத்துப் பொது அறிவுக் கேள்விகளை மருமகள் வாசிப்பாள். நான், என் மனைவி, மகன், எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி ஆகிய நால்வரும் பதில் சொல்ல வேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. ஜெயித்தவருக்குக் கடைசி முறுக்கு.

நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிப்ளமோ படித்த காலத்திலிருந்தே வினாடி வினா என்றால் எனக்கு ஒரு பித்து. அதனால் வீட்டில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது. அந்த மரியாதைக்கு ஒரு ஞாயிறன்று சோதனை வந்தது.

“உலகிலேயே மிக நீளமான ரயில் நடைமேடை எது?” என்று கேள்வி. நம் துறை அல்லவா! கேள்வி முடியும் முன்பே “கோரக்பூர்” என்றேன்.

“இல்ல தாத்தா, ஹூப்ளி” என்றாள் பேத்தி.

அவள் சொன்னதுதான் சரி. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் இதற்கு விடை கரக்பூர். 2013-ல் கோரக்பூர் 1,366 மீட்டருடன் முந்தியது. 2023 மார்ச்சில் ஹூப்ளி 1,507 மீட்டருடன் அதையும் தாண்டிவிட்டது. நம் பக்கத்துக் கொல்லம் நடைமேடையே சுமார் 1,180 மீட்டர், கரக்பூரைவிட நீளம். மனிதர்களைப் போல விடைகளும் ஓய்வு பெறுகின்றன. அதை நான் கவனிக்கவில்லை.

தோல்வியை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. “எனக்கும் தெரியும், சட்டென்று ஞாபகம் வரவில்லை” என்றேன். பேத்தி விடவில்லை. “நீங்க எப்பவும் விடை சொன்ன பொறவுதான் ‘தெரியும்’னு சொல்லுதீங்க. இனிமே முதல்ல எழுதி வையுங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் காபியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் என்ன தவறு? அகல ரயில் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,676 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளந்த உடனே, அந்த இடத்திலேயே பதிவேட்டில் எழுத வேண்டும். பிறகு வந்து “நான் நினைத்தது இதுதான்” என்று சொன்னால் எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார். என் கீழ் வேலை பார்த்தவர்களிடம் நான் கண்டிப்பாகக் கேட்ட அந்த ஒழுங்கை என் பேத்தி என்னிடம் கேட்டிருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு அவளை அழைத்து, “சரி மக்களே, இனி நான் எழுதி வைக்கிறேன். ஆனால் கேள்விகளை நீ தமிழில் வாசிக்க வேண்டும்” என்றேன். வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள். வாசிப்பது மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். முகத்தைச் சுளித்தாள், பிறகு ஒப்புக்கொண்டாள். அன்று முதல் என் மனைவி நடுவர். கேள்விகளைத் தமிழில் தாளில் எழுதிக் கொடுப்பது அவள் வேலை.

வீட்டில் இருந்தபடியே கூடவே விளையாடும் இந்தப் பழக்கம் நம் நாட்டில் புதிதல்ல. 1967-ல் கல்கத்தாவில் ஒரு தேவாலய மண்டபத்தில் நீல் ஓ’பிரையன் வினாடி வினா நடத்தியதைத்தான் இங்கே இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். 1972-ல் போர்ன்விட்டா வினாடி வினா வந்தது. முதலில் ஹமீத் சயானியும், 1975-ல் அவர் மறைந்த பின் தம்பி அமீன் சயானியும் நடத்தினார்கள். பள்ளிச் சிறுவனாக வானொலிப் பெட்டியருகே உட்கார்ந்து கேட்டேன். ஆங்கிலம் பாதி புரியாது. ஆனாலும் விடையைக் கத்துவேன். 1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசுவின் ‘குவிஸ் டைம்’ வந்தபோது ரயில்வே குவார்ட்டர்ஸில் தொலைக்காட்சி இருந்த வீட்டில் நாங்கள் கூடுவோம். 2012-ல் இதே வகைக் கோடி ரூபாய்ப் போட்டியைத் தமிழில் சூர்யாவும் மலையாளத்தில் சுரேஷ் கோபியும் நடத்தினார்கள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்த வீடு எங்களுடையது.

நம் கைரளி தொலைக்காட்சியில் ஜி. எஸ். பிரதீப் நடத்திய ‘அஸ்வமேதம்’ நிகழ்ச்சியை மறக்க முடியுமா? எதிரே இருப்பவர் ஒரு பிரபலமானவரை மனதில் நினைத்துக்கொள்வார். பிரதீப் 21 கேள்விகளுக்குள் அது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். மந்திரம் போல இருக்கும். கணக்குப் போட்டால் புரியும். ‘ஆம்’, ‘இல்லை’ என்று விடை வரும் ஒவ்வொரு கேள்வியும் மிச்சம் இருப்பவர்களைப் பாதியாக்கினால், 21 கேள்விகளில் 20,97,152 பேரிலிருந்து ஒருவரைப் பிரித்துவிடலாம். திறமை விடையில் இல்லை. நல்ல கேள்வியில் இருக்கிறது.

இதை விளக்க, பேத்திக்கு ஓர் உதாரணம் சொன்னேன். “இந்தியாவின் முதல் ரயில் எது?” என்றால் 1853 ஏப்ரல் 16-ல் பம்பாயிலிருந்து தானே சென்றது என்பார்கள். அது முதல் பயணிகள் ரயில். சென்னையில் செங்குன்றம் பகுதியில் 1837-லேயே சாலை போடுவதற்குக் கல் சுமந்த ரயில் பாதை இருந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் என்றால் 1856 ஜூலை 1, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு. ஒரு சொல் மாறினால் விடை மாறும். கேள்வியை முழுதாகக் கேட்க வேண்டும் என்று பெரிதாக உபதேசம் செய்தேன்.

சில வாரங்களில் மனைவி ஒரு கேள்வி எழுதியிருந்தாள். “நம் ஊர்க் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்து, தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடலைத் தந்தவர் யார்?” பேத்தி ‘தத்துவ’ என்ற இடத்தில் இரண்டு முறை தடுமாறி வாசித்தாள். விடை தெரியவில்லை. ஆலப்புழையில் 1855-ல் பிறந்த சுந்தரம் பிள்ளை என்றும், அவருடைய ‘மனோன்மணீயம்’ நாடகம் 1891-ல் வந்தது என்றும், அதன் தொடக்கப் பாடலிலிருந்து எடுத்ததே அந்த வாழ்த்து என்றும் சொன்னேன்.

“எந்தக் காலேஜ் தாத்தா?”

“பாளையத்தில் இருக்கும் யுனிவர்சிட்டி காலேஜ். அப்போது மகாராஜா கல்லூரி.”

“தினமும் பஸ்ஸுல அது வழியாத்தானே போறேன்!” என்றாள்.

அடுத்த ஞாயிறு அவளே ஒரு கேள்வி கொண்டுவந்தாள். தமிழில், தன் கையால் எழுதியிருந்தாள். ‘ரயில்’ என்பதற்கு வல்லின ‘றகரம்’ போட்டிருந்தாள். “திருவனந்தபுரத்தில் முதல் ரயில் நிலையம் இருந்த இடம் எது?” நான் யோசிக்காமல் “தம்பானூர்” என்று எழுதினேன்.

“தப்பு தாத்தா. சாக்கை, 1918. தம்பானூருக்கு 1931-லதான் வந்துது. ‘முதல்’னு கேட்டேன்லா?”

என் உபதேசம் எனக்கே திரும்பியது. இம்முறை தாளில் என் கையெழுத்திலேயே தவறு இருந்ததால் தப்பிக்க வழியில்லை. கடைசி முறுக்கை அவளிடம் கொடுத்தேன். வராந்தாவுக்குப் போகவில்லை.

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவில் நின்றது. எழுதி வைப்பதில் நேர்மை மட்டுமல்ல, இந்தப் பயனும் இருக்கிறது.

அன்பர்களே, நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். வாரத்தில் அரை மணி நேரம், பத்துக் கேள்விகள், தமிழில் எழுதிய ஒரு தாள் போதும். தாத்தா, பாட்டிமாருக்கு ஒரே ஒரு நிபந்தனை: விடையை முதலில் எழுதுங்கள். தவறினால் பிள்ளைகள் முன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். நம்மை ஜெயிப்பதற்காகவே அவர்கள் தமிழ் படித்துவிடுவார்கள்.

அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். றகரத்தைத் திருத்தவில்லை. அடுத்த வாரம் அவளே திருத்திக்கொண்டாள்.