ராஜா சிலையும் 42,088 குண்டுகளும்

நியூயார்க்கில் பௌலிங் கிரீன் என்று ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. 1770-ல் அங்கே இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிலை வைத்தார்கள். குதிரை மேல் ராஜா. ஈயத்தில் வார்த்து, மேலே தங்கப்பூச்சு. வைத்தது லண்டன்காரர்கள் இல்லை, நியூயார்க் சட்டசபை. ஒரு வரியை ரத்து செய்ததற்கு நன்றிக்கடன்.

1776 ஜூலை 9 அன்று அதே ஊரில் ஒரு கூட்டம் கயிறு கட்டி அந்தச் சிலையை இழுத்துத் தள்ளியது. ஈயத்தில் பெரும்பகுதி கனெக்டிகட் போய்ச் சேர்ந்து, உருக்கி, 42,088 துப்பாக்கிக் குண்டுகள் ஆனது. எண்ணிக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்!

ஆறே வருஷம். இடையில் என்னதான் நடந்தது?

"வரி போட்டான், டீயைக் கடல்ல கொட்டினாங்க, சண்டை, சுதந்திரம்" என்று நாலு வரியில் படித்திருப்போம். அதில் விட்டுப்போகிற விஷயம் ஒன்று உண்டு. போராட்டம் ஆரம்பித்துப் பத்து வருஷம் வரைக்கும் கிட்டத்தட்ட யாருமே சுதந்திரம் கேட்கவில்லை. "நாங்களும் பிரிட்டிஷ்காரர்கள்தான், அந்த உரிமையைக் கொடுங்கள்" என்பதுதான் கோரிக்கை.

1763-ல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைக்கான செலவில் ஒரு பங்கையாவது அங்கேயே வசூலிக்கலாம் என்று 1765-ல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் முத்திரைக் கட்டணம். பணம் பெரிசில்லை. லண்டன் பார்லிமென்டில் காலனிக்காரர்களுக்கு ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது. நாம் தேர்ந்தெடுக்காத சபை நம் பையில் எப்படிக் கைவிடலாம் என்பதுதான் கேள்வி. முத்திரைத்தாள் விற்க நியமிக்கப்பட்டவர்களைக் கூட்டம் கூடி மிரட்டி ராஜினாமா செய்ய வைத்தார்கள். 1766-ல் சட்டம் ரத்து. நியூயார்க் சிலைக்கு விதை போட்டது இந்தச் சந்தோஷம்தான்.

ஆனால் அதே நாளில் பார்லிமென்ட் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது: எந்த விஷயத்திலும் காலனிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு. வரி போச்சு, வாதம் அப்படியே நின்றது.

1767-ல் கண்ணாடி, காகிதம், பெயின்ட், தேயிலை மேல் மறுபடி வரி. இவர்கள் பிரிட்டிஷ் சரக்கை வாங்க மறுத்தார்கள். பெண்கள் வீட்டில் நூல் நூற்று நெய்தார்கள். 1770-ல் தேயிலை வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தார்கள். அந்த ஒன்றை விட்டுவைத்தது காசுக்காக மட்டுமில்லை, உரிமை எங்களுடையது என்று காட்டவும்தான்.

இந்தத் தேயிலைக் கதையில் நம்ம ஊரும் வருகிறது. 1769-ல் ஹைதர் அலியின் படை சென்னை வாசல் வரை வந்துவிட்ட செய்தி லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு விலையைச் சரித்தது. அடுத்த வருஷம் வங்காளப் பஞ்சம். கம்பெனி கடனில் மூழ்க, கிடங்கில் சீனத் தேயிலை விற்காமல் குவிந்து கிடந்தது. கம்பெனியைக் காப்பாற்ற 1773-ல் தேயிலைச் சட்டம் போட்டார்கள். இதனால் அமெரிக்காவில் டீ விலை *குறைய* வேண்டியது. ஆனால் மலிவு டீயை வாங்கினால் வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும் இல்லையா? 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் தண்ணீருக்குள் போயின.

பாஸ்டனைத் தனிமைப்படுத்தித் தண்டித்தால் மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்று லண்டன் கணக்குப் போட்டது. துறைமுகத்தை மூடினார்கள், மாசசூசெட்ஸின் சுயாட்சியை வெட்டினார்கள். நடந்தது நேர்மாறு. இன்று அவர்களுக்கு, நாளை நமக்கு என்று 1774 செப்டம்பரில் 12 காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். பிரிட்டிஷ் பொருளைப் புறக்கணிப்பது என்று முடிவு. அதைக் கண்காணிக்க ஊருக்கு ஊர் ஒரு கமிட்டி.

என் பார்வையில் திருப்புமுனை இந்தக் கமிட்டிதான். யார் என்ன விற்கிறார்கள் என்று பார்த்தது, மீறியவர் பெயரைப் பத்திரிகையில் போட்டது, பிறகு ஆயுதமும் சேர்த்தது. போராட்டத்துக்கென்று வைத்த அமைப்பு, சத்தமில்லாமல் அரசாங்க வேலையைச் செய்ய ஆரம்பித்துவிட்டது.

1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. அப்போதும் ராஜாவை விடவில்லை! எதிரிப் படையை 'மந்திரிகளின் படை' என்றார்கள். கெட்ட மந்திரிகள், நல்ல ராஜா. ஜூலையில் சமாதானம் கேட்டு ராஜாவுக்கே ஒரு மனு போனது. அவர் அதை வாங்கவே மறுத்து, ஆகஸ்ட் 23-ல் இவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் 'காமன் சென்ஸ்' என்ற சிறு நூலில், பிரச்சினை இந்த மந்திரியோ அந்த மந்திரியோ இல்லை, பரம்பரை ராஜா என்ற ஏற்பாடே என்று எளிய மொழியில் எழுதினார். இவர் இங்கிலாந்திலிருந்து வந்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

ஜூலை 2-ல் சுதந்திரத் தீர்மானம். நியூயார்க் வாக்களிக்கவில்லை, மற்ற 12 காலனிகளும் ஆதரவு. ஜூலை 4-ல் பிரகடனம். பத்து வருஷம் சண்டை பார்லிமென்டோடு. ஆனால் பிரகடனத்தில் 'பார்லிமென்ட்' என்ற சொல்லே இல்லை. குற்றச்சாட்டுப் பட்டியல் முழுக்க ராஜா மேல். பார்லிமென்டின் அதிகாரத்தை ஏற்கெனவே மறுத்தாயிற்று. மிச்சமிருந்த ஒரே கயிறு ராஜா. அறுக்க வேண்டியது அது ஒன்றுதான்.

எல்லோரும் சமம் என்று சொன்ன அந்த நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமை. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்றார். நூற்றுக்கணக்கானவர்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள். எஜமானர்கள் கொதித்துப்போய் இன்னும் வேகமாகச் சுதந்திரத்தின் பக்கம் சாய்ந்தார்கள். யாருடைய சுதந்திரம் என்ற கேள்வி அன்றைக்கே எழுந்துவிட்டது.

சிலை ஒரே இரவில் விழுந்தது. ராஜா இல்லாமலும் ஊர் நடக்கும் என்று அந்தக் கமிட்டிகள் அதற்கு முன்பே காட்டிவிட்டன. லண்டன் அதைக் கவனித்தபோது ஈயம் உருகிக்கொண்டிருந்தது.