சத்தம் வராத மூச்சடைப்பு



புரையேறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டுகிறோம். இருமுகிறவரை காற்று போய்வருகிறது, இருமவிட்டாலே போதும். பயப்பட வேண்டியது சத்தமே வராதபோதுதான். பிள்ளை அழ முடியாமல் வாயைத் திறந்து திணறும், உதடு நீலமாகும். சங்கு குளித்த நம்ம கரை ஆட்கள் அந்தக் காலத்தில் மூச்சை நிறைத்துக்கொண்டுதான் முங்கினார்கள். பிள்ளைக்கு அந்த இருப்பும் கிடையாது. நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்க ஆரம்பித்துவிடும்.

நாங்கள் கேட்ட இடமெல்லாம் "தண்ணி கொடுப்போம்" என்பதே முதல் பதில். கொடுக்காதீங்க. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினாலும் உள்ளே போய்விடும்.

1 வயசுக்குள் இருந்தால், முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் 5 முறை தட்டணும். வராவிட்டால் மல்லாத்தி, நடுநெஞ்சில் அதே மாதிரி 5 முறை அழுத்தணும். அடைப்பு விலகும்வரை மாறி மாறிச் செய்யணும். அதற்கு மேற்பட்ட வயசென்றால் குனியவைத்து முதுகில் 5 தட்டு. பிறகு பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்ளும் மேலுமாக 5 அழுத்து. கர்ப்பிணிக்கு வயிற்றில் கூடாது, நெஞ்சில்தான். இதற்குள் இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மயங்கிவிட்டால் தரையில் கிடத்தி நடுநெஞ்சை விடாமல் அழுத்தணும்.

கோவில்பட்டி கடலைமிட்டாய் நம்ம மாவட்டத்துப் பெருமைதான். ஆனாலும் 4 வயசுக்குள் முழுக்கடலை வேண்டாம். அரைக்கக் கடைவாய்ப் பல் பத்தாது. சில்லறைக் காசு, பட்டன் பேட்டரி எல்லாம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மீனை வாயில் கவ்வும் பழக்கமும் ஆபத்து: 2025 ஏப்ரலில் மதுராந்தகம் பக்கம் ஏரியில் மீன் பிடித்த ஒருவர் அப்படித்தான் மூச்சடைத்து இறந்தார்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு பொம்மை கொண்டுவாங்க. கிராம சுகாதார செவிலியரையும் கூப்பிட்டு, செய்து பழகுவோம்.