மீந்த பலகைத் துண்டும் மீளும் கைகளும்

சமையலறை அலமாரியோ துணி அலமாரியோ புதிதாகச் செய்து முடிந்த வீடுகளில், தச்சர் விட்டுச் சென்ற பலகைத் துண்டுகள் சில மாடிப்படியின் கீழ்க் கிடப்பது வழக்கம். மரச் சீவல்களையும் தூளையும் பசையுடன் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்யப்படும் துகள் பலகை அது. பேச்சுவழக்கில் பார்ட்டிகிள் போர்டு என்போம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நல்ல மரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது ஜெர்மனியில் ஆலைப்பொருளாக உருவெடுத்தது. இன்று நம் வீடுகளில் பல அறைகலன்கள் அதனால் ஆனவையே. மீந்த துண்டுகளைக் கொண்டு ஒரு படச்சட்டம் செய்வது எவ்வாறு, அது நோயாளியின் கைக்கும் மனத்துக்கும் எவ்வகையில் உதவும், யார் எந்த வேலையைத் தவிர்க்க வேண்டும் என்பவற்றை இவ்விதழில் காண்போம்.

முதலில் ஒரு வேண்டுகோள். இத்துண்டுகளை வெந்நீர் அடுப்பில் விறகாக எரிக்காதீர்கள். இவற்றில் உள்ள பசையும் மேற்பூச்சும் எரியும்போது கண்ணையும் மூச்சுக்குழாயையும் தாக்கும் புகை எழும். ஆஸ்துமா நோயாளியோ, நெடுநாள் நுரையீரல் நோயுள்ளவரோ, சிறு குழந்தையோ இருக்கும் வீட்டில் அது வீண் ஆபத்து.

வேலூரில் நடந்த ஒரு முயற்சி

கைவேலை மருந்தாகும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. அமெரிக்காவில் பிறந்து இந்தியாவைத் தாயகமாக ஏற்றுக்கொண்ட கமலா நிம்ப்கர், 1950-ஆம் ஆண்டில் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் தொழில்வழிச் சிகிச்சைக்கான நாட்டின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு அடுத்த ஆண்டில், நமக்கு அண்மையிலுள்ள வேலூரில், இன்னும் நேரடியான பாடம் ஒன்று தொடங்கியது.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், மருத்துவம் படிக்கும் முன் கட்டடவேலையும் தச்சுவேலையும் பயின்றவர். 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை வளர்த்தெடுத்தார். விரல்கள் நிமிர்ந்தன. ஆனால் நிமிர்ந்த கைக்கு வேலை தருவார் யாருமில்லை. எனவே 1951-இல் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு அமைக்கப்பட்டது. சிகிச்சை பெற்றவர்கள் அங்கே தங்கித் தச்சுவேலை கற்று, மரப் பொம்மைகள் செய்தனர்.

அங்கே கண்டறியப்பட்ட உண்மை இன்று நீரிழிவு நோயாளிகளுக்கும் பொருந்தும். கைகளில் தோன்றிய புண்களுக்கு நோய் மட்டும் காரணமன்று. உணர்விழந்த கை உளியை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்பதை அறியாது. பிடியில் சிம்பு இருந்தாலும் தெரியாது. வலி தடுக்காததால் காயம் வளர்ந்துகொண்டே போகும். கருவிகளின் பிடியை வழவழப்பாகவும் தடிமனாகவும் அமைத்துக்கொள்வதும், வேலை முடிந்ததும் கையைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பதும் அத்தகைய கைகளுக்கான காவல்.

எந்தப் படத்தைச் சட்டமிடுவது?

புதுவை வீடுகளின் முன்கூடங்களில் சட்டமிட்ட படங்களுக்குக் குறைவில்லை. சாமிப் படங்கள், திருமணப் படங்கள், சில வீடுகளில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய 'சொல்தா' தாத்தாவின் சீருடைப் படம் எனச் சுவர் நிறைந்திருக்கும். அதே சுவரில் மறைந்தவர்களின் படங்களுக்கு மாலையிட்டு விளக்கேற்றுகிறோம். ஆகவே, நோயுற்றிருக்கும் ஒருவரின் தனிப்படத்தைச் சட்டமிடலாம் என்றால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். அந்தத் தயக்கத்தை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. குடும்பமாக எடுத்த படம், பேரப்பிள்ளை வரைந்த ஓவியம், வெளிநாட்டிலிருந்து வந்த கடிதம், தாம் படித்த பள்ளியின் படம் என எதுவாயினும், நோயாளி தாமே தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். மருத்துவமனையில் உணவு, உடை, உறங்கும் நேரம் எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்யும் நாட்களில், இந்த ஒன்றையாவது அவர் முடிவு செய்யட்டும்.

மறதி நோயுள்ளவர்க்காகச் செய்யும் சட்டத்தில், படத்தின் கீழ் ஒவ்வொருவரின் பெயரையும் உறவையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். "இது யார், தெரிகிறதா?" என்று தேர்வு வைப்பதைவிட, "இதோ உங்கள் தம்பி" என்று சொல்லிப் பேச்சைத் தொடங்குவது அவருக்கு இதமாக இருக்கும்.

அளவும் அமைப்பும்

5 அங்குல அகலமும் 7 அங்குல உயரமும் கொண்ட புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். பலகையை ஒன்றரை அங்குல அகலப் பட்டைகளாக அறுக்க வேண்டும். ஒன்பதரை அங்குல நீளத்தில் இரண்டும், நான்கரை அங்குல நீளத்தில் இரண்டும் தேவை. நீளமானவற்றை இருபுறமும் நிறுத்தி, குட்டையானவற்றை மேலும் கீழும் அவற்றின் இடையே பொருத்தினால், நான்கரைக்கு ஆறரை அங்குலத் திறப்பு கிடைக்கும். படத்தின் நான்கு ஓரத்திலும் கால் அங்குலம் சட்டத்தின் பின்னே மறைந்து நிற்கும்.

கண்ணாடிச் சட்டக் கடைகளில் மூலைகளைச் சாய்வாக அறுத்து ஆணி அடிப்பார்கள். துகள் பலகைக்கு அது ஒத்துவராது. ஓரத்தில் ஆணி இறங்கினால் பலகை பிளந்து உதிரும். அதனால் ஒட்டுவேலையையே நம்ப வேண்டும். கால் அங்குலத்துக்குக் குறைவான தடிமனுள்ள பிளைவுட்டில், ஒன்றேகால் அங்குல அகலத்தில் நான்கு பட்டைகள் அறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஏழரை அங்குல நீளம், இரண்டு 7 அங்குல நீளம். சட்டத்தைக் கவிழ்த்து, ஏழரை அங்குலப் பட்டைகளை மேலும் கீழும் முழு அகலத்துக்கு ஒட்டுங்கள். அவை முன்புற இணைப்புகளின் மேல் குறுக்கே அமைந்து, நான்கு மூலைகளையும் இறுக்கிப் பிடிக்கும். மற்ற இரண்டையும் அவற்றின் இடையே ஒட்டினால், பின்புறத்தில் 5-க்கு 7 அங்குலப் பள்ளம் உருவாகும். படம் அதில் வந்து அமரும்.

ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசையே போதும். ஒட்டியபின் கனமான புத்தகங்களை மேலே ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு அசைத்தால் மூலை விலகிவிடும்.

கடற்கரை ஊரில் இன்னொரு கவனமும் தேவை. துகள் பலகையின் வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேற்பூச்சில்லாத சட்டம் ஒரே பருவத்தில் உருக்குலையும். வெட்டுமுகங்கள் அனைத்திலும் தண்ணீர் கலக்காத பசையை மெல்லியதாகத் தடவி, அது காய்ந்தபின் இரண்டு முறை வண்ணம் பூசுங்கள். மழைநீர் ஊறும் சுவரில் மாட்டாதீர்கள். உப்புக் காற்றில் இரும்புத் திருகாணி துருப்பிடிக்கும் என்பதால் பித்தளைத் திருகாணி நல்லது.

யார் எதைச் செய்யலாம்?

அறுக்கும் வேலையை நோயாளியும் அவருடன் இருப்பவரும் செய்ய வேண்டாம். அளவைத் தாளில் எழுதித் தச்சுப் பட்டறையில் கொடுத்தால், இயந்திரத்தில் அறுத்துத் தந்துவிடுவார்கள். இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான துகள் பலகைகளின் பசையில் பார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் உள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மரத்தூளை 1995-ஆம் ஆண்டிலும் பார்மால்டிஹைடை 2004-ஆம் ஆண்டிலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த முடிவு முக்கியமாக ஆண்டுக்கணக்கில் ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைப்பவர்களைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து வந்தது. சுவரில் தொங்கும் ஒரு சட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூள் நோயாளியின் அறைக்குள் வரக்கூடாது.

பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களுக்கு இவ்வேலை மிகவும் ஏற்றது. பலவீனமான கை பட்டையை அழுத்திப் பிடிக்க, மறு கை பசை தடவும். இரண்டு கையும் ஒன்றுசேர்ந்து வேலை செய்யும் பழக்கம் அவ்வாறே திரும்பும். தூரிகையின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் பிடிக்க எளிது. சிலருக்குப் பக்கவாதத்துக்குப் பின் இடப்பக்கம் இருப்பதே கவனத்தில் வராது. சட்டத்தின் மூன்று பக்கமும் வண்ணம் பூசிவிட்டு முடிந்ததென்று தூரிகையை வைத்துவிடுவார்கள். அப்போது கடிந்துகொள்ளாமல், இடப்பக்க ஓரத்தில் அவர் விரலை வைத்து, அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

நீரிழிவாலோ தொழுநோயாலோ கைகளில் உணர்வு குறைந்தவர்கள் கண்ணாடித் தகட்டுக்குப் பதிலாகத் தெளிவான பிளாஸ்டிக் தாளைப் பயன்படுத்த வேண்டும். வேலைக்குப் பின் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கையையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் அன்றைக்கு வேலை போதும்.

டயாலிசிஸ் பெறுபவர்கள் பிஸ்டுலா வைத்த கையால் அழுத்தவோ தூக்கவோ வேண்டாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் பிளேடையும் கத்தியையும் பிறரிடம் விடுங்கள். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ளும் நாட்களில், நனைந்து பூஞ்சை பிடித்த பழைய பலகையைத் தொடவே கூடாது. நுரையீரல் நோயுள்ளவர்கள் வண்ணம் பூசுவதையும் தவிர்த்து, படத்தைத் தேர்ந்து பொருத்துவதை மட்டும் செய்யலாம்.

வார்டில் படுக்கையருகே சட்டத்தை வைக்க விரும்பினால் முதலில் செவிலியரிடம் கேளுங்கள். கிருமிநாசினியால் அடிக்கடி துடைக்கப்படும் இடத்தில் துகள் பலகை தாங்காது. அங்கே பிளாஸ்டிக் உறையிட்ட படமே போதும். சட்டம் வீட்டில் காத்திருக்கட்டும்.

உடனிருப்போர்க்கு ஒரு சொல்

நடுங்கும் கை ஒரு பட்டையை ஒட்ட அரைமணி நேரம் எடுக்கலாம். "கொடுங்கள், நான் செய்துவிடுகிறேன்" என்று வாங்கிவிடத் தோன்றும். வாங்காதீர்கள். அந்த அரைமணியே பயிற்சி. கோணலான மூலையையும் வழிந்த வண்ணத்தையும் திருத்த வேண்டாம். ஒரு நாளில் ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டால், முதல் நாள் அளவெடுக்கவும், பின்னர் ஒட்டவும், வண்ணம் பூசவும், படம் பொருத்தவும் ஒரு வாரம் ஆகும். களைப்புக்கு முன்பே நிறுத்துங்கள்.

தொடங்கும் முன் உங்கள் தொழில்வழிச் சிகிச்சையாளரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ இப்பக்கத்தைக் காட்டி, நோயாளிக்கு உகந்த பகுதி எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது செய்த சட்டத்தையும் கொண்டு வாருங்கள். கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை அதில் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.