சிகிச்சைக்கு எத்தனை பஸ் மாற வேண்டும்?

கோவையை அடுத்த ஆனைகட்டியில் மாநில எல்லையைத் தாண்டினால் சட்டமே மாறிவிடும். அந்தப் பக்கம் கேரளத்தின் அட்டப்பாடி; 1990களின் நடுவிலிருந்து அங்கே மதுவிற்பனைக்குத் தடை. இந்தப் பக்கம் இருந்த டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி 2016இல் அட்டப்பாடிப் பழங்குடிப் பெண்கள் திரண்டு வந்து போராடினார்கள். அவர்கள் கேட்டது முழு நியாயம். ஆனால் கடையை மூடினாலும், காலையில் கை நடுங்க எழுந்திருக்கும் மனிதரை எங்கே கூட்டிப்போவது?

2019இல் வெளிவந்த எய்ம்ஸ் தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோவொரு சிகிச்சையாவது கிடைத்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்தான். ஆனால் கோவைக்குப் போய்வந்தால் அவருடைய அன்றைய கூலி போச்சு. துணைக்குப் போகும் மனைவியின் கூலியும் போச்சு. வாரம் ஒருமுறை வரச்சொன்னால் எந்தக் குடும்பம் தாங்கும்?

மனநல மருத்துவர் அபிஜித் நட்கர்னியின் ஆய்வுப் பணி பெரும்பாலும் இந்தச் சிக்கலைச் சுற்றியே நடந்திருக்கிறது. கோவாவின் 'சங்கத்' அமைப்பில் விக்ரம் படேல் உள்ளிட்டோருடன் சேர்ந்து, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆபத்தான அளவில் குடித்துவந்த 377 ஆண்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். அதிகபட்சம் நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் அரைமணி முதல் முக்கால்மணி நேரம். கூட்டாளி கூப்பிட்டால் எப்படி மறுப்பது, குடிக்கத் தோன்றும் நேரத்தை எப்படிக் கடப்பது என்பவைதான் பேச்சு.

மூன்றாம் மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். ஓராண்டு முடிவில் அந்த இடைவெளி 54க்கு 32 என விரிந்தது. பேச்சின் பலன் மங்காமல் நின்றது எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. செலவுக்கேற்ற பலன் கிடைப்பதற்கான வாய்ப்பு 85 சதவீதம் என்றும் கணக்கிட்டார்கள்.

இது எல்லோருக்குமான வழியல்ல. முற்றிய குடிநோயாளி திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம். அவருக்கு மருத்துவரும் படுக்கையும் தேவை. சோதனையிலும் அத்தகையவர்களைச் சேர்க்கவில்லை. ஆனால் அந்த நிலைக்குப் போகுமுன் தடுத்து நிறுத்தக்கூடியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

சிகிச்சையை ஊருக்கே கொண்டுபோவது தமிழர்களுக்குப் புதிதல்ல. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். பின்னர் மஞ்சக்குடி போன்ற கிராமங்களிலேயே அது முகாம்களை நடத்தியது.

ஆனைகட்டியின் இருபுறமும் உள்ள சுகாதார நிலையங்களில், அங்குள்ள பழங்குடியினரான இருளரின் பேச்சு தெரிந்த ஆலோசகர்களை இரு மாநில அரசுகளும் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். வருபவர் எவ்வளவு குடிக்கிறார், வந்துபோக என்ன செலவானது, எத்தனை நாள் கூலி மிஞ்சியது என்பதை மாதாமாதம் அவர்கள் பதிந்துவந்தால், கோவாவின் கணக்கு இந்த மலைக்குப் பொருந்துமா என்பது ஓராண்டில் தெரிந்துவிடும்.