மிளகாய் எரிச்சலுக்குத் தண்ணீர் போதாது!

செட்டிநாட்டு மளிகைக் கடையில் மிளகாய் இல்லாமல் வியாபாரம் இல்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயும் நம் பக்கத்து மாவட்டச் சரக்குதான். மூட்டை பிரித்து, காம்பு கிள்ளி, எடை போடும் ஆட்களின் கை படும் பாடு வணிகப் பெருமக்கள் அறிந்ததே.

கை எரிந்தால் உடனே குழாயடிக்கு ஓடுவார்கள். வெறும் தண்ணீரில் எரிச்சல் லேசில் போகாது. காரம் தரும் 'கேப்சைசின்' என்ற பொருள் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. எண்ணெயில் நன்றாகக் கரையும். ஆகவே நாங்கள் அனுபவத்தில் கடைப்பிடிப்பது: முதலில் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ கை முழுவதும் தேய்த்து, துணியால் துடைக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவ வேண்டும். வாய் எரிந்தால் பால் அல்லது தயிர் நல்லது.

கண்ணில் பட்டால் மட்டும் எண்ணெய் கூடவே கூடாது. கண்ணைக் கசக்காமல், சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவ வேண்டும். அப்படியும் எரிச்சல் நிற்காவிட்டால் தாமதிக்காமல் கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். தூள் சலிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டுவது அவசியம். இரைப்பு நோய் உள்ளவரை அந்த வேலைக்கு விடலாகாது.

கிட்டங்கியில் ஒரு சீசா எண்ணெயும் ஒரு சோப்பும் எப்போதும் இருக்கட்டும். நம்மை நம்பி உழைப்பவர்களுக்கு நாம் செய்யக்கூடிய சிறு உதவி இது.