முப்பது ஆண்டுக்கு ஒரே வட்டி

1981 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு லட்சம் டாலர் வீட்டுக் கடன் வாங்கியவருக்கு மாதத் தவணை ஏறத்தாழ 1,559 டாலர். அதில் முதல் மாதம் அசலில் கழிந்தது வெறும் ஆறு டாலர், மீதியெல்லாம் வட்டி! அப்போதைய வட்டி 18.63 சதவீதம். 2021 ஜனவரியில் வட்டி 2.65. அதே கடனுக்குத் தவணை 403 டாலர்தான், முதல் மாதமே அசலில் 180 டாலருக்கு மேல் குறைந்துவிடும்.

இரண்டுமே முப்பது ஆண்டுக் கடன். கடைசித் தவணை வரை வட்டி மாறாது. வீட்டுக் கடன் நிறுவனமான ஃபிரெடி மேக் 1971 முதல் வாராவாரம் இந்த வட்டியைக் கணக்கெடுக்கிறது. பத்தாண்டு ஏற்றம், பிறகு 2021 வரை நாற்பது ஆண்டு இறக்கம். எழுபதுகளின் பணவீக்கம் ஏற்றிவிட்டது. அதை அடக்க அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் அன்றைய தலைவர் பால் வோல்க்கர் எடுத்த கசப்பு வைத்தியம் உச்சிக்கே கொண்டுபோனது.

1930களுக்கு முன் அங்கும் இப்படிக் கடன் கிடைக்காது. சில ஆண்டுக் கெடு, முடிவில் அசலை மொத்தமாகக் கட்ட வேண்டும். பெருமந்தத்தில் ஏராளமானோர் வீடிழந்த பிறகு, 1934 முதல் அரசே கடனுக்குக் காப்பீடு தர, நீண்ட தவணை பரவியது.

இந்த ஒப்பந்தம் ஒருதலையானது. வட்டி இறங்கினால் கடனாளி புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைப்பார். ஏறினால் அசையவே மாட்டார். கொடுப்பவருக்குத்தான் இரண்டு பக்கமும் இடி. அந்த அபாயத்துக்கும் சேர்த்தே வட்டி வைக்கிறார்கள். வீட்டை விற்றோ மறுகடன் எடுத்தோ பலர் முன்கூட்டியே கணக்கை முடித்துவிடுவதால், முப்பதாண்டுக் கடனின் வட்டி பத்தாண்டு அரசுக் கடன் பத்திரத்தை ஒட்டியே நடக்கிறது.

எனவே மத்திய வங்கி சொன்னபடி இது ஆடுவதில்லை. 2024 செப்டம்பரில் ஃபெடரல் ரிசர்வ் தன் வட்டியை அரை சதவீதம் குறைத்தது. அந்த மாதக் கடைசியில் 6.08 ஆக இருந்த வீட்டுக் கடன் வட்டி, நவம்பரில் 6.8ஐத் தாண்டியது! பணவீக்கம் மறுபடி தலைதூக்குமோ என்ற கவலையில் பத்திரம் வாங்குவோர் கூடுதல் வட்டி கேட்டதும் ஒரு காரணம்.

2021இல் கடன் வாங்கியவர்களோ வீட்டை விற்கத் தயங்குகிறார்கள். 2024 நவம்பர் வட்டியில் இடம் மாறி அதே ஒரு லட்சத்தைப் புதுக் கடனாக எடுத்திருந்தால், 403 டாலர் தவணை 650ஐத் தாண்டியிருக்கும்.