கண் டாக்டரை கிராமத்துக்கு அழைத்துவந்த வைஃபை கார்டு... உங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கும் போடலாம்!

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. போன், டி.வி எல்லாம் வைஃபையில் ஓடுகின்றன. மூலையில் இருக்கும் பழைய டெஸ்க்டாப் மட்டும் எதிலும் சேராமல் தனியாக நிற்கிறது. தூத்துக்குடி டவுன் முதல் ஏரல், கொற்கை வரை பல வீடுகளில் இதுதான் நிலைமை. பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பத்தைக்கூட போனின் சின்னத் திரையிலேயே நிரப்பிக் கண்ணைக் கசக்குகிறார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு வைஃபை கார்டு போதும், அந்த கம்ப்யூட்டர் மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

'இத்தனூண்டு பொருளா?' என்று நினைக்க வேண்டாம். இதே கார்டை வைத்து தேனியில் ஒரு பெரிய காரியம் நடந்திருக்கிறது.

தேனியில் நடந்தது என்ன?

அரவிந்த் கண் மருத்துவமனை, தன் தேனி கிளையைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறிய பார்வை மையங்களைத் திறந்தது. அங்கே டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் நேரடியாகப் பேசுவார். ஆபரேஷன் மாதிரி பெரிய சிகிச்சை தேவைப்படுபவர்கள் மட்டும் பஸ் ஏறினால் போதும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒருநாள் சம்பளம் மிச்சம் என்பது சாதாரண விஷயமில்லை. போகச் செலவாகுமே என்று தள்ளிப்போட்டே பார்வையை இழந்தவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்!

ஆனால், வீடியோ ஓடும் அளவுக்கு அந்த ஊர்களில் அப்போது இன்டர்நெட் கிடையாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் ப்ரூவரின் குழு கையில் எடுத்தது, லேப்டாப்பில் இருக்கும் அதே வகை வைஃபை கார்டுகளைத்தான். சின்ன கம்ப்யூட்டர் போர்டில் கார்டைச் செருகி, உயரமான கம்பத்தில் ஒரே திசையைப் பார்க்கும் ஆன்டெனாவை மாட்டினார்கள். 2006-ம் ஆண்டின் நடுவில் 5 பார்வை மையங்கள் தேனி மருத்துவமனையுடன் இணைந்திருந்தன. அரவிந்த் நெட்வொர்க்கில் 15 கி.மீ வரை நீளும் இணைப்புகளும் உண்டு. வீட்டு வைஃபை மாடிக்கு ஏறவே திணறுவதை நினைத்துப் பாருங்கள்!

ஆன்டெனாவை மாற்றியதோடு வேலை முடியவில்லை. வைஃபை கார்டு ஒரு தகவலை அனுப்பியதும், 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்குக் கண நேரம் காத்திருக்கும். வராவிட்டால் தொலைந்துவிட்டதாக நினைத்து மறுபடி அனுப்பும். அறைக்குள் இது சரி. 10 கி.மீ தூரம் என்றால் அலை போய்வரவே சுமார் 67 மைக்ரோ விநாடி ஆகும். அதற்குள் கார்டு பொறுமை இழந்துவிடும். ஆராய்ச்சியாளர்கள் கார்டைத் தொடவில்லை. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினார்கள். இரு முனைகளும் நேரம் வைத்து மாறி மாறிப் பேசவும், பல தகவல்களுக்குச் சேர்த்து ஒரே பதில் அனுப்பவும் பழக்கினார்கள்.

2007-ல் வெனிசுலாவில் எர்மானோ பியெட்ரோசெமோலி என்ற பொறியாளர், இவர்களுடைய மென்பொருளையும் பயன்படுத்தி 382 கி.மீ தூரத்துக்கு வைஃபையை எட்டவைத்தார். தூத்துக்குடியிலிருந்து கொழும்புகூட அவ்வளவு தூரமில்லை! (மலை உச்சியில் ஆன்டெனா வைத்ததால் முடிந்தது. நம் கடற்கரையில் நின்று முயன்றால் பூமியின் வளைவு மறைத்துவிடும்.)

நம் வீட்டுக்கு வருவோம்

யு.எஸ்.பி-யில் செருகும் டாங்கிள்தான் எளிது. கேபினெட்டைத் திறந்து மாட்டும் பி.சி.ஐ.இ கார்டு பொதுவாக இன்னும் நன்றாக எடுக்கும், ஆனால் பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும். வாங்கும்போது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் எடுக்குமா என்று கேளுங்கள். மலிவான டாங்கிள்கள் பலவற்றுக்கு 5 கண்ணிலேயே படாது. 'என் நெட்வொர்க் பெயரே காட்டவில்லை' என்ற புகாருக்கு அடிக்கடி இதுதான் காரணம்.

செருகியும் வேலை செய்யவில்லையா? தேனியைப் போல இங்கேயும் டிரைவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் டிரைவர் சிக்கல். சில டாங்கிள்கள் முதலில் சி.டி டிரைவ் போலத் தோன்றும். அதற்குள்ளேயே டிரைவர் இருக்கும்.

டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்ற சிக்கலில்தான் பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். தேவையே இல்லை. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து, ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 'யு.எஸ்.பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். போனின் நெட் கம்ப்யூட்டருக்குப் போகும். 'விண்டோஸ் அப்டேட்' பெரும்பாலும் டிரைவரைத் தானே தேடிப் போட்டுக்கொள்ளும். இல்லையென்றால் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் எடுங்கள். 'இலவச டிரைவர் அப்டேட்டர்' என்று கூவும் விளம்பரங்கள் பக்கம் போகவே வேண்டாம். வைரஸை நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற கதை அது.

சிக்னல் குறைவாக இருந்தால் இடத்தை மாற்றிப் பாருங்கள். கேபினெட்டின் பின்பக்கம், சுவரை ஒட்டிச் செருகினால் அந்தத் தகரமே அலையை மறைக்கும். ஒரு யு.எஸ்.பி நீட்டிப்பு கேபிளில் டாங்கிளை மேஜைமேல் கொண்டுவாருங்கள். பக்கத்தில் யு.எஸ்.பி 3.0 ஹார்டு டிஸ்க் ஓடினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் கெடும், தள்ளி வையுங்கள். பி.சி.ஐ.இ கார்டு வாங்கியவர்கள் கூடவே வரும் ஆன்டெனாவைத் திருகினீர்களா என்றும் பாருங்கள். டப்பாவிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு!

தேனி குழுவுக்குப் பெரிய தலைவலி கொடுத்தது ஏற்ற இறக்கமான கரன்ட்தான். ரூட்டரையும் கம்ப்யூட்டரையும் யு.பி.எஸ்-ஸில் போடுவது நல்லது. கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: உப்புக்காற்றில் யு.எஸ்.பி முனைகள் களிம்பு பிடிக்கும். டாங்கிள் திடீரென்று விட்டு விட்டு வேலை செய்தால், புதிதாக வாங்கும் முன் வேறொரு போர்ட்டில் செருகிப் பார்த்துவிடுங்கள்.